60 தறி, ஒரே பாஸ்வேர்டு: டிசைன் களஞ்சியத்துக்கு பிளாக்செயின் வேண்டுமா?

ஆரணியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலுமாக 60 தறிக்காரர்கள் சேர்ந்து பட்டுப்புடவை டிசைன்களை ஒரு கூகுள் டிரைவில் போட்டுப் பொதுவில் வைத்திருக்கிறோம். தாத்தா காலத்துக் கிராஃப் தாள்களை ஸ்கேன் செய்தது பாதி, புதிதாகக் கம்ப்யூட்டரில் போட்டது பாதி. பாஸ்வேர்டு ஒன்றுதான், பத்துப் பேருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முன்னால் நான்கு புட்டா டிசைன்கள் வெளியே போய் பவர்லூமில் இறங்கிவிட்டன. இரண்டு கோப்புகளைக் காணவில்லை. யார் வேலை என்று ஒரே சண்டை. இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றிவிடலாம், ஆளுக்குக் கொஞ்சம் டோக்கன் (அந்தச் சங்கிலியில் விற்கும் டிஜிட்டல் நாணயம்) வாங்குங்கள், டோக்கனை வைத்து ஓட்டுப் போட்டு நீங்களே நிர்வாகம் பண்ணலாம் என்கிறார்கள். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம், தம்பி. பிளாக்செயினில் உங்களுக்கு உதவுகிற துண்டு ஒன்று இருக்கிறது, அதைக் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் நீங்கள் 60 பேரும் பாய் விரித்து உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். சாப்ட்வேர்தான் பிழைப்பு, அதில் ஐந்து வருஷம் பிளாக்செயின் எழுதியே சம்பளம் வாங்கினேன். அம்மா வழித் தாத்தா வாலாஜா பக்கம் ஏரிப் பாசனத்தில் ஒன்றரைக் காணி வைத்திருந்தவர். பிளாக்செயின் கற்றுக்கொண்டது ஆபீசில். பொதுச் சொத்தை எப்படி நிர்வகிப்பது என்பதைப் பார்த்தது அவருடைய வரப்பில்.

முதலில் இந்த பிளாக்செயின் சங்கிலி என்ன என்று பார்த்துவிடலாம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது சுலபம், தறிக்கு டிசைனைச் சொல்லும் ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டையே பாதி பிளாக்செயின்தான். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழைகிறது, அதற்குரிய கொக்கி மேலே போகிறது, பாவு நூல் தூக்குகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசை மாறாமல் கயிற்றால் கோத்து மேலே தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் சொருகினால் அன்னப்பட்சியின் கழுத்தில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். அடுத்த அட்டைக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும், அதற்கு முந்தைய அட்டை முழுவதையும் சுருக்கிய ஒரு சின்ன ஓட்டை வரிசையைக் குத்துகிறோம். 40ஆம் அட்டையை யாராவது மாற்றினால் அதன் சுருக்கம் மாறிவிடும், 41இன் ஓரத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாது. 41ஐப் புதிதாகக் குத்தினால் 42 ஒத்துப்போகாது. இப்படிக் கடைசி அட்டை வரைக்கும் திருத்தியாக வேண்டும். கடைசி அட்டையின் சுருக்கம் 60 வீட்டுச் சுவரிலும் ஏற்கெனவே எழுதியிருந்தால்? மாட்டிக்கொள்வார். அந்தச் சுருக்கத்துக்குப் பெயர் ஹேஷ். இன்று பரவலாகப் பயன்படுகிற எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில், கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சுருக்கத்தை 64 எழுத்தில் எழுதிவிடலாம். கிராஃபில் ஒரே ஒரு கட்டத்தின் நிறத்தை மாற்றினாலும் அந்த வரிசையே வேறு மாதிரி ஆகிவிடும்.

இது பிட்காயினுக்கு முந்திய யோசனை. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991இல் இதை எழுதினார்கள். கம்ப்யூட்டர் கோப்பின் தேதியைப் பிற்பாடு யாரும் திருத்த முடியாதபடி எப்படிப் பூட்டுவது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாராவாரம் ஒரு ஹேஷை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில், காணாமல் போனவை பற்றிய விளம்பரங்கள் வருகிற பத்தியில், காசு கொடுத்து அச்சடித்தது. ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பேப்பரை யார் திருத்த முடியும்? 2008இல் வந்த பிட்காயின் கட்டுரையின் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடையவை. பிட்காயின் புதிதாகச் சேர்த்தது வேறு ஒன்று: முன்பின் தெரியாத, ஒருவரை ஒருவர் நம்பாத ஆயிரக்கணக்கானவர்கள், தலைவர் இல்லாமல் அடுத்த அட்டையை யார் குத்துவது என்று ஒத்துப்போக ஒரு வழி. அதற்கான விலைதான், கம்ப்யூட்டர்கள் போட்டி போட்டுக் கணக்குப் போடுவதில் எரிகிற அத்தனை மின்சாரம். எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் 2022 செப்டம்பரில் மின்சாரப் போட்டியை விட்டுவிட்டு, பணத்தை ஈடு வைக்கும் முறைக்கு மாறியது.

நீங்கள் 60 பேரும் முன்பின் தெரியாதவர்களா? ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் பந்தி பரிமாறுகிறவர்கள். அந்த இரண்டாவது பகுதி உங்களுக்கு எதற்கு? பூட்டு மட்டும் போதும்.

சரி, உங்கள் சண்டைகளுக்கு வருவோம். காணாமல் போன இரண்டு கோப்புகளுக்குக் காரணம், பத்துப் பேர் ஒரே பெயரில் உள்ளே நுழைந்தது. டிரைவ் தன் பதிவேட்டில் யார் எதை அழித்தார் என்று எழுதத்தான் செய்கிறது, ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே பெயர் என்றால் அது என்ன செய்யும்? ஆளுக்கு ஒரு மின்னஞ்சல், பார்க்க மட்டும் எல்லாருக்கும் அனுமதி, சேர்க்க மூன்று பேருக்கு. இதைச் செய்ய ஒரு மதியம் போதும்.

வெளியே போன நான்கு புட்டாக்கள் விஷயத்தில் எந்தச் சங்கிலியும் உதவாது. இதை அந்தக் கம்பெனி உங்களிடம் சொல்லியிருக்காது. கண்ணால் பார்க்க முடிகிற எதையும் காப்பி அடிக்க முடியும். டிசைனைத் திருட டிரைவுக்குள் நுழையவே வேண்டாம். கடையில் தொங்கும் புடவையைப் போனில் படம் பிடித்தால் போதும், தேர்ந்த டிசைனர் அதைப் பார்த்தே கிராஃப் போட்டுவிடுவார். பிளாக்செயினில் பெயர் எழுதுவதால் தறி நின்றுவிடாது.

நீங்கள் பொதுவில் வைத்திருப்பது என்ன என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் யோசனை. கோப்பு தண்ணீர் மாதிரி இல்லை. என் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் உங்கள் வயலுக்கு வராது. ஆனால் என் தறியில் ஓடிய கோப்பு உங்கள் தறியிலும் ஓடும், ஒரு கட்டம்கூடக் குறையாது. அப்படியானால் 60 பேருக்கும் ஏன் மனக்கசப்பு? தீர்ந்துபோவது கோப்பு இல்லை, அதன் புதுசு. ஒரே மயில் புட்டா ஒரே மாதத்தில் 60 தறியிலும் இறங்கினால் கடைக்காரர் விலையைக் கீழே இறக்கிவிடுவார். முதல் சீசன் விலை என்பதுதான் உங்கள் ஏரித் தண்ணீர். அதற்கு முறை வைக்க வேண்டும். முறை வைக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள்தானே நாம்?

தாத்தா ஊர் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்ட மாதங்களில், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்க்கட்டி என்ற ஆள் வைத்ததுதான் சட்டம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, இரவு முறை வந்தால் தாத்தாவோடு லாந்தர் எடுத்துக்கொண்டு போவேன். மதகிலிருந்து வரும் வாய்க்காலில், எந்த மடை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது நீர்க்கட்டியின் மண்வெட்டிக்குத்தான் தெரியும். மேல்மடைக்காரர் ஒருவர் ஒரு நாள் தன் மடையை அரை அடி அகலமாக வெட்டி வைத்திருந்தார். நீர்க்கட்டி அதைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை, மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தார். விடிந்ததும் டீக்கடையில் நான்கு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதே ஆள் மறுபடி வெட்டியபோது அவருக்கு ஒரு முறை தண்ணீர் கிடையாது என்று முடிவானது. தண்ணீரே கிடையாது என்று யாரையும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் உலகம் முழுக்க இப்படிப்பட்ட பாசனங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மீன்பிடி இடங்களையும் ஆராய்ந்து, நீடித்து நிற்கிற பொதுச் சொத்துகளுக்குப் பொதுவாக எட்டு குணங்கள் இருப்பதை 1990இல் எழுதினார். பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர், 2009இல். யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியைத் திருத்தவும் முடிய வேண்டும். கண்காணிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் பயனாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். சண்டையைச் செலவில்லாமல் தீர்க்க ஓர் இடம் வேண்டும். எட்டில் ஐந்து இவை. எங்கள் நீர்க்கட்டி ஒன்றும் படிக்காதவர், இதில் பாதியை மண்வெட்டியாலேயே செய்துகொண்டிருந்தார்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கே உறுத்தும். அந்த நீர்க்கட்டி சேரியிலிருந்து வந்தவர். அவருக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலம்கூட இல்லை. நிலம் இல்லாததால் யார் பக்கமும் சாய மாட்டார் என்பதற்காகத்தான் அவரை வைத்தார்கள். கூலி, களத்தில் அளந்து தரும் நெல். விதி போடும் கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. பழைய ஏற்பாடுகளைப் புகழ்கிறபோது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் 60 பேரில் கூலிக்கு நெய்கிறவர்கள் எத்தனை பேர், சொந்தப் பாவு போடுகிறவர்கள் எத்தனை பேர்? கூலிக்காரருக்கு ஓட்டு உண்டா? வீட்டில் நாடா ஓட்டுகிற பெண்களுக்கு? பிளாக்செயினுக்கு முன் இந்தக் கேள்வியை முடியுங்கள்.

கம்ப்யூட்டரில் ஓடும் தானியங்கி ஒப்பந்தம் என்கிறார்களே, அது விதியை எழுதியபடியே நடத்தும். மடையை அகலமாக வெட்டினால் உடனே தண்ணீர் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் நாற்றங்கால் காய்ந்துபோன ஒரு வீட்டுக்கு முறை இல்லாத நாளில் தண்ணீர் விட்டார்கள், அடுத்த சுற்றில் அந்த வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதிரி வளைந்துகொடுப்பதை முன்கூட்டியே நிரலாக எழுத முடியாது. எழுதினால் அதிலேயே யாராவது ஓட்டை கண்டுபிடிப்பார்.

கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். 2016இல் எத்தீரியத்தின் மேல் 'தி டாவோ' என்று ஒரு பொது நிதி தொடங்கினார்கள். மேலாளர் கிடையாது, நிரல்தான் சட்டம் என்று விளம்பரம். ஏறத்தாழ 15 கோடி டாலர் சேர்ந்தது. ஜூன் 17ஆம் தேதி ஒருவர் நிரலில் இருந்த பிழை வழியாக 36 லட்சம் ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) உறிஞ்சிவிட்டார். நிரல்தான் சட்டம் என்றால் அவர் செய்தது சட்டப்படி சரி! கடைசியில் மனிதர்கள்தான் கூடிப் பேசி, ஜூலை 20ஆம் தேதி சங்கிலியையே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் திருட்டு நடக்காத மாதிரி கணக்கைத் திருத்தினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய சங்கிலியிலேயே தங்கிவிட்டார்கள், அது எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. பஞ்சாயத்து வேண்டாம் என்று கட்டியதற்குக் கடைசியில் பஞ்சாயத்து தேவைப்பட்டது.

டோக்கன் ஓட்டு இதைவிட மோசம். ஸ்டீம் என்று எழுத்தாளர்களும் வாசகர்களும் சேர்ந்து நடத்திய ஒரு தளம் இருந்தது. டோக்கன் அதிகம் வைத்திருப்பவருக்கு ஓட்டும் அதிகம். 2020 பிப்ரவரியில், ஜஸ்டின் சன் என்ற கிரிப்டோ தொழிலதிபர் அதன் மூல நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்தின் கையிருப்பு டோக்கனை வைத்து அவர் ஓட்டுப் போடக் கூடாது என்று பயனர்கள் அதை முடக்கினார்கள். மார்ச் 2ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? பெரிய கிரிப்டோ சந்தைகள் சில, வாடிக்கையாளர்கள் தங்களிடம் ஒப்படைத்திருந்த டோக்கன்களை எடுத்துச் சன் பக்கம் ஓட்டுப் போட்டு, நிர்வாகத்தில் இருந்த 20 பேரையும் தூக்கிவிட்டன. வங்கியில் நீங்கள் போட்ட பணத்தைக் காட்டி வங்கி உங்கள் சங்கத் தேர்தலில் ஓட்டுப் போட்ட மாதிரி. கூச்சல் எழுந்ததும் பின்வாங்கினார்கள், ஆனாலும் பயனர்களில் பெரும்பகுதி மார்ச் 20ஆம் தேதி ஹைவ் என்று தனிச் சங்கிலி அமைத்து வெளியேறிவிட்டது.

2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ அமைப்பில் ஒருவர் சில நொடிகளுக்கு மட்டும் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டுகளைப் பெற்று, "கஜானாவை எனக்குக் கொடு" என்ற தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டு, அதே கையோடு கடனையும் அடைத்துவிட்டார். இழப்பு 18 கோடி டாலருக்கு மேல். விதி எதுவும் மீறப்படவில்லை.

உங்கள் ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அப்பாவுக்குத் தெரிந்த இந்த விதியை விட்டுவிட்டு, பத்து லட்சம் போட்ட முதலாளிக்கு ஆயிரம் ஓட்டு என்ற இடத்துக்கு ஏன் போக வேண்டும்? ஒரே ஆள் நூறு பெயரில் வந்து ஓட்டுப் போடுவது உலக பிளாக்செயின்களுக்குத் தீராத தலைவலி, அதனால்தான் அவர்கள் காசைக் கணக்கில் எடுக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. 60 முகமும் தெரியும்.

பக்கத்து மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை என்றதும் குடத்தில் ஓலை போட்டுச் சிறுவன் எடுத்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த வரி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவரும் நிற்க முடியாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். நிலம் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும் என்ற வேலி அதிலும் உண்டு, அதை விட்டுத்தள்ளுங்கள். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்ற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்து உங்கள் விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஹேஷ் சங்கிலி எதற்கு உதவும் என்றால் இதற்குத்தான்: காட்டிய கணக்கைப் பிற்பாடு மாற்றாமல் இருக்க.

அடுத்து சட்டம். இதில்தான் உங்களுக்கு நிஜமான ஆபத்து இருக்கிறது. புது டிசைனை உலகம் பார்க்கிற பிளாக்செயினில் படமாக ஏற்றிவிட்டால் அது வெளியிட்டதாகக் கணக்கு. 2000ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டப்படி வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது, புதியதாக இருக்க வேண்டும். பதிவு செய்தால் பத்து வருஷமும், கேட்டால் இன்னும் ஐந்து வருஷமும் பாதுகாப்பு கிடைக்கும். பதிப்புரிமையே (காப்பிரைட்) போதுமே என்று நினைக்காதீர்கள். பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் அதைப் போட்டுவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அந்த உரிமையையும் எடுத்துவிடும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்றால், அது பெயரைக் காக்கும், மயிலைக் காக்காது. அதனால் படம் உள்ளேயே இருக்கட்டும், ஹேஷ் மட்டும் வெளியே போகட்டும். 64 எழுத்தைப் பார்த்து யாராலும் புட்டா போட முடியாது. ஆனால் நாளைக்கு வழக்கு என்று வந்தால், இந்தக் கோப்பு இந்தத் தேதியில் எங்களிடம் இருந்தது என்று காட்டலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். இது பதிவுக்கு மாற்று இல்லை, நல்ல டிசைன்களைத் தனியாகப் பதிவு செய்யத்தான் வேண்டும்.

டோக்கன் விலை ஏறும், லாபம் வரும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் இதையும் கேளுங்கள்: 2022 ஏப்ரல் முதல் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, அதில் வரும் நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. அப்புறம் கூலிக் கணக்கு, ஆதார் எண் மாதிரி எதையும் சங்கிலியில் ஏற்ற விடாதீர்கள். அழிக்கச் சொல்லிக் கேட்க 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில் உரிமை எழுதியிருக்கிறார்கள், அழிக்கவே முடியாத இடத்தில் எழுதிவிட்டு என்ன செய்வீர்கள்?

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஒரு சங்கம், ஏழு பேர் இருந்தால் போதும். டிரைவ் கணக்கு சங்கத்தின் பெயரில். அதன் மூலப் பாஸ்வேர்டை ஐந்து துண்டாக்கி ஐந்து வீட்டில் வைக்கலாம், எந்த மூன்று துண்டு சேர்ந்தாலும் திறக்கும், இரண்டு துண்டால் ஒன்றும் தெரியாது. ஆடி ஷமீர் என்ற கணிதக்காரர் 1979இல் கண்டுபிடித்த முறை இது, இலவச மென்பொருள் கிடைக்கிறது. பாட்டி நகைப்பெட்டிக்கு இரண்டு மகள்களிடம் இரண்டு சாவி கொடுத்து வைத்ததன் கணித வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை திறந்துவிட்டால் பாஸ்வேர்டை மாற்றிப் புதிதாகத் துண்டு போட மறக்காதீர்கள்.

அடுத்தது முறைப் பதிவேடு. டிசைன் போட்டவருக்கு முதல் 45 நாள் அவருடைய தறியில் மட்டும், அதற்கப்புறம் குலுக்கலில் பத்துத் தறி, பிறகு எல்லாருக்கும் என்று ஏதாவது ஒன்று. எண்ணிக்கையை நீங்கள் பேசி வையுங்கள், எனக்கு உங்கள் சந்தை தெரியாது. ஒரு சாதாரண எக்செல் தாளில் தேதி, கோப்பின் பெயர், அதன் ஹேஷ், யார் போட்டது, இப்போது யார் முறை, அபராதம் ஏதாவது உண்டா என்று ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் ஹேஷ் வர வேண்டும். இதுதான் நான் முதலில் சொன்ன அட்டையோரத்து ஓட்டை. உங்களைப் போல் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாதக் கடைசியில் வரும் கடைசி ஹேஷை ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசச் சேவையில் கொடுத்தால், அது உலகத்து ஹேஷ்களோடு சேர்த்து பிட்காயின் சங்கிலியில் பூட்டிவிடும். உங்கள் செலவு பூஜ்யம், ஒரு நாணயமும் வாங்க வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. முதல் தடவை எழுதும்போதே பொய் எழுதினால் ஹேஷ் அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காக்கும். பக்கத்து ஊர்க்காரர் டிசைனைத் தன்னுடையது என்று ஒருவர் பதிந்தால் எந்தக் கணிதமும் கண்டுபிடிக்காது. பதியும் நாளில் பழைய டிசைன் தெரிந்த இரண்டு பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது எங்க பெரியப்பா 80இல் போட்டதாச்சே" என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.

எப்போது நிஜமான பிளாக்செயின் வேண்டும்? நாளைக்கு ஆரணி, காஞ்சிபுரம், தர்மவரம் என்று மூன்று ஊர்ச் சங்கங்கள் ஒரே களஞ்சியம் வைக்க ஆசைப்பட்டு, மூவரில் யாரிடமும் சர்வரை ஒப்படைக்க மற்ற இருவருக்கும் மனமில்லை என்றால், அப்போது யோசிக்கலாம். அதிலும் ஊருக்கு ஒரு கணினி வைத்து, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் எழுதுகிற மூடிய சங்கிலி போதும், டோக்கன் வேண்டாம். தமிழக அரசு 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டு, நம்பிக்கை இணையம் என்ற பெயரில் தனக்கென ஒரு சங்கிலியும் வைத்திருக்கிறது. அரசு ஆவணங்களுக்கானது அது. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல தமிழ்க் காது.

கடைசியாக அந்த மாதாந்திர ஹேஷ். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மட்டும் போதாது, அடுத்த நாளே கல்யாணப் பத்திரிகைக்கும் குட்மார்னிங் படத்துக்கும் அடியில் போய்விடும். சங்கக் கட்டடத்துக் கரும்பலகையில் சாக்பீசால் எழுதுங்கள். 64 எழுத்து, இரண்டு நிமிடம் ஆகும். மாதா மாதம் வேறு ஆள் எழுதட்டும், பாவு போடத் தெரிந்து இங்கிலீஷ் எழுத்து தெரியாதவர் முறை வந்தால் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும். அட்டை குத்தும்போது ஒருவர் கிராஃபைப் படிக்க இன்னொருவர் சரிபார்ப்பார் இல்லையா, அதே மாதிரி ஒருவர் பலகையைப் படிக்கட்டும், இன்னொருவர் போனைப் பார்க்கட்டும். முதல் எட்டு எழுத்தோடு நிறுத்திவிடாமல் 64ஐயும் படியுங்கள்.